கலைப்பட்டறைப் பாதுகாப்பு

கலைப்பட்டறைப் பாதுகாப்பு என்பது மட்பாண்டம், கற்சிற்பம், உலோக வார்ப்பு, மரச்செதுக்கு, ஓவியம் முதலிய வேலைகள் நடக்கும் இடங்களில் உடலுக்கும் உயிருக்கும் கேடு வராமல் தொழில் செய்யும் முறைகளையும், புதிதாக வருபவர் அவற்றைக் கற்றுக்கொள்ளும் வழிகளையும் குறிக்கும். பெரிய ஆலைகளில் இதற்கென்று தனி அதிகாரியும் தனிப் பயிற்சியும் உண்டு. கலைப்பட்டறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆசிரியரும் சில மாணவர்களும்தான். வனையவும் செதுக்கவும் சொல்லித்தருபவரே ஆபத்தையும் சொல்லித்தர வேண்டும். அப்படிச் சொல்லித்தரும் மரபு கைத்தொழில்களில் பழையது, பல இடங்களில் மிக நுட்பமானதும்கூட. ஆனால் அந்த மரபு எதைக் கவனித்தது, எதைத் தவறவிட்டது என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. செய்யும் பொருளையும் சேர்த்துக் கெடுக்கும் ஆபத்தைத் தொழில் நன்றாகக் கற்றுவைத்திருக்கிறது. பொருளுக்கு ஒன்றும் ஆகாமல் செய்பவரை மட்டும் கெடுக்கும் ஆபத்தை அது பெரும்பாலும் பார்க்கவே இல்லை. பட்டறைப் பயிற்சி எப்படி அமைய வேண்டும் என்ற கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் இந்த இடைவெளிதான்.

முதல் வகைக்குச் சுவாமிமலையை எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஐம்பொன் சிலைகள் மெழுகுவார்ப்பு முறையில் உருவாகின்றன. மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிய பூச்சாகப் பூசி, நிழலில் உலர்த்தி, மேலும் தடித்த மண் பூச்சுகளை ஏற்றிக் கம்பியால் கட்டுவார்கள். வறட்டி அடுக்கிச் சுட்டதும் மெழுகு உருகி வடிந்துவிடும். சிலையின் வடிவம் உள்ளே வெற்றிடமாக மிஞ்சும். அச்சின் சூடு ஆறுமுன் அதைக் குழியில் இறக்கி, சுற்றிலும் மண்ணிட்டு இறுக்கி, மூசையில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். இதில் ஒவ்வோர் அடியும் பாதுகாப்பு விதியாகவும் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். அச்சில் கொஞ்சம் ஈரம் தங்கியிருந்தாலும், 1,000 டிகிரி செல்சியசைத் தாண்டிய உலோகம் அதில் பட்ட கணமே ஆவி சீறி, உலோகத்தைத் துளித்துளியாக மேலே வீசும். நிழலில் மெதுவாக உலர்த்துவதும், சூடு இருக்கும்போதே ஊற்றுவதும், குழியில் புதைத்து மண்ணால் தாங்குவதும் இந்த வெடிப்பைத் தடுக்கின்றன. ஆனால் ஸ்தபதி அவற்றைச் சிலைக்காகவும் செய்கிறார். ஈர அச்சில் வார்த்த சிலையில் காற்றுக் குமிழ் விழும். ஆறிய அச்சில் உலோகம் விரல் நுனி வரை ஓடாது. தாங்கல் இல்லாத அச்சு பிளந்துகொள்ளும். சிலையும் கையும் ஒரே தவறால் கெடுவதால், சிலையைக் காக்கக் கற்ற மாணவர் தன்னை அறியாமலே கையையும் காக்கக் கற்றுவிடுகிறார்.

அதே உலையடியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதை இந்த முறை தொடுவதில்லை. வார்ப்புக் கலவையில் பித்தளையோ துத்தநாகமோ சேர்ந்தால், துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து வெண்புகையாக எழும். அதைச் சுவாசித்தவருக்கு அன்று மாலை குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். ஓரிரு நாளில் தணிந்துவிடும். தொடர்ந்து சுவாசிப்பவருக்கு உடல் பழகி, வாரநாட்களில் காய்ச்சல் குறையும். விடுமுறை முடிந்து திரும்பிய முதல் நாளில் மீண்டும் அடிக்கும். புகையால் சிலைக்கு எந்தக் கேடும் இல்லை. அதனால் தொழில் அதற்குத் தனி நுட்பம் எதையும் வளர்த்துக்கொள்ளவில்லை. பால் குடித்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைதான் வெல்டிங் கடைகளிலும் வார்ப்புக் கூடங்களிலும் மிஞ்சியிருக்கிறது. பால் இரைப்பைக்குப் போகிறது. புகை போனது நுரையீரலுக்கு. தூசு வேலை செய்பவர்கள் வெல்லம் தின்பதும் இப்படித்தான். தொண்டைக்கு இதமாக இருக்கலாம், ஆனால் காற்றுப்பைகளின் அடியில் படிந்த துகளை வெல்லம் எட்டாது.

தூசின் கதை மட்பாண்டத் தொழிலில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்கள் களிமண்ணை வெளுப்பாக்கச் சிக்கிமுக்கிக் கல்லைச் சுட்டுப் பொடித்துக் கலக்கத் தொடங்கினார்கள். அந்தக் கல் முழுக்கச் சிலிக்கா. உலர்வாகப் பொடித்தவர்கள் இருமி இளைத்துச் செத்தார்கள். தாமஸ் பென்சன் என்பவர் 1726-இல் கல்லைத் தண்ணீருக்குள் வைத்து அரைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இரும்பில் அரைத்ததால் பொடி கறைபட்டது என்று 1732-இல் கல்லால் அரைக்கும் முறைக்கு மீண்டும் ஒன்று பெற்றார். தூசு ஆளைக் கொல்கிறது, ஈரம் தூசை அடக்குகிறது என்ற இரண்டும் அன்றே தெரிந்த செய்திகள். இருந்தும் பீங்கானைச் சூளையில் அடுக்கும்போது உலர்ந்த சிக்கிமுக்கிப் பொடியில் புதைக்கும் வழக்கம் நீடித்தது. அதற்குப் பதில் அலுமினா பொடி வந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான். இடைப்பட்ட 200 ஆண்டுகளில் எத்தனையோ தலைமுறை அந்த வேலையைக் கற்றது. பீங்கான் நன்றாகவே வந்தது. எனவே எதையும் மாற்ற வேண்டும் என்று பொருள் தன் பங்குக்குச் சொல்லவே இல்லை.

இந்தத் தூசு ஏன் இவ்வளவு மறைவானது என்பதற்குக் காரணம் அதன் அளவு. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். கண்ணில் படும் தூசு மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியாக வெளியேறிவிடும். காற்றுப்பை வரை போவது ஏறக்குறைய 5 மைக்ரானும் அதற்குக் கீழுமான துகள். அது கண்ணுக்குத் தெரியாது, அசையாத காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். உடல் அதைக் கரைக்க முடியாமல் அதைச் சுற்றித் தழும்பு போடும். அந்தத் தழும்பு மறையாது. இதுதான் சிலிக்கோசிஸ். வழக்கமாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்தே மூச்சுத் திணறல் தெரியும். இது வந்தவருக்குக் காசநோய் தொற்றும் வாய்ப்பும் கூடுதல். அமெரிக்காவில் 2016-இல் வகுக்கப்பட்ட வரம்பு, எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். ஒரு கிராமில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு அது. இந்த அளவைக் கண்ணோ மூக்கோ அனுபவமோ காட்டித்தர முடியாது. குஜராத்தின் காம்பாத்தில் அகேட் கல்லைத் தீட்டி மணியாக்கும் தொழில் பல நூற்றாண்டுப் பழைமை உடையது; மணிகளின் பளபளப்பு உலகறிந்தது. அதைச் சக்கரத்தில் தீட்டியவர்களிடையே சிலிக்கோசிஸ் பரவியிருப்பதைப் பிற்கால மருத்துவ ஆய்வுகளே வெளிப்படுத்தின.

எங்கள் ஆசான்கள் முகமூடி இல்லாமலே எண்பது வயது வரை வேலை பார்த்தார்களே என்ற எதிர்வாதம் பட்டறைகளில் அடிக்கடி எழும். அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மை முறையைப் பற்றியது, தூசைப் பற்றியதல்ல. நம் ஊர்க் குயவர் வனைந்தது ஈரமண்ணில், திறந்த முற்றத்தில். பாத்திரத்துக்குப் பொடியில் கலக்கும் கண்ணாடிப் பூச்சான கிளேஸைப் பூசவில்லை. இன்றைய ஸ்டுடியோவில் மூட்டைகளில் வரும் சிலிக்கா, ஃபெல்ட்ஸ்பார் பொடிகளை மூடிய அறையில் எடைபோட்டுக் கலக்கிறார்கள். மாமல்லபுரத்துச் சிற்பி உளியும் சுத்தியலுமாகக் கொத்திய காலத்தில் பெரும்பாலும் சில்லுகள்தான் தெறித்தன. மின்சாரக் கட்டர் அதே கல்லை மாவாக்குகிறது. குவார்ட்ஸ் கலந்த கல்லானால் அந்த மாவில் சிலிக்கா இருக்கும். ஆசானின் உடல்நலம் ஆசானின் கருவிக்கு மட்டுமே சாட்சி. இன்னொன்றும் உண்டு. எண்பது வயதில் பட்டறையில் உட்கார்ந்திருப்பவரை நாம் பார்க்கிறோம். நாற்பதில் இருமலோடு ஊர் திரும்பியவர் அங்கே உட்கார்ந்து தம் பக்கத்தைச் சொல்வதில்லை. கருவி மாறினால் நோயும் எவ்வளவு விரைவாக மாறும் என்பதற்கு ஆஸ்திரேலியா சான்று. சமையலறை மேடைக்கான செயற்கைக் கல்லை வெட்டிய இளம் தொழிலாளர்களுக்குச் சில ஆண்டுகளிலேயே சிலிக்கோசிஸ் வந்ததால், 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே அந்நாடு தடைசெய்தது.

தூசைப் போலவேதான் ஈயமும். இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமஸினி 1700-இல் வெளியிட்ட தொழில்நோய் நூலில், ஈயக் கிளேஸ் அரைக்கும் குயவர்களின் கை நடுக்கத்தையும் வாதத்தையும் எழுதினார். ஓவியர்களின் நலிவுக்கு நிறமிகளைக் காரணம் காட்டினார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு ‘என்ன தொழில் செய்கிறாய்?’ என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் அவர். கலைப்பொருட்களின் நாட்பட்ட கேட்டைச் சிமிழின் மேலேயே அச்சிட வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் இயற்றியது 1988-இல். தெரிந்த செய்தி கற்பவரின் கைக்கு வந்துசேர ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

மரப்பட்டறையில், உடனே தெரியும் ஆபத்துக்கும் மெதுவாகக் கெடுக்கும் ஆபத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஆபத்து உண்டு. ஆள் இல்லாதபோது வருவது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும். அப்போது வெப்பம் வெளிவரும். பலகையில் பரவிய எண்ணெயின் வெப்பம் காற்றில் கலந்துவிடும். அதே எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் குவித்தால் வெப்பம் உள்ளேயே சேர்ந்து, சில மணி நேரத்தில் தீப்பொறி இல்லாமலே தீப்பிடிக்கும். ஃபிலடெல்ஃபியாவில் 1991 பிப்ரவரி 23 அன்று 38 மாடிக் கட்டடமான ஒன் மெரிடியன் பிளாசாவின் 22-ஆம் தளத்தில் தொடங்கிய தீக்குக் காரணம், மரவேலைக்கு மெருகேற்றியவர்கள் விட்டுச்சென்ற இத்தகைய துணிகளே. தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தார்கள். துணியை விரித்து வெளியே காயவைப்பது அல்லது தண்ணீரில் மூழ்கவைத்து மூடுவது அரை நிமிட வேலை. ஆனால் காரணம் தெரியாதவருக்கு அது வெறும் ஒழுங்குமுறை. அவசரமான நாளில் முதலில் விடுபடுவதும் அதுதான்.

ஆகவே கற்பிக்கும் முறையும் இரண்டாகப் பிரிய வேண்டும். உடனே தெரியும் ஆபத்துகளை வேலையின் அடிகளோடு சேர்த்தே சொல்லித்தர வேண்டும். தனி வகுப்பு வைத்தால் அவை மறக்கும். 1940 முதல் 1945 வரை அமெரிக்கத் தொழிற்சாலைகளில் நடந்த டி.டபிள்யூ.ஐ. பயிற்சித் திட்டம் இதை நன்றாகப் புரிந்துகொண்டது. அதில் ஒவ்வொரு வேலையையும் அடிகளாகப் பிரித்து, அடிதோறும் முக்கியக் குறிப்பைச் சொல்ல வேண்டும்; வேலையைக் கெடுக்கக்கூடியதும் ஆளைக் காயப்படுத்தக்கூடியதும் ஒரே குறிப்பு வரிசையில் வரும். நல்ல ஸ்தபதி எழுதாமலே செய்வதும் இதுதான். காரணத்தோடு சொல்வது மிக முக்கியம், ஏனென்றால் விதி மட்டும் கற்றவர் அதைத் தவறான இடத்தில் பயன்படுத்துவார். உருகிய உலோகத்துக்கு முன் கையுறை உயிர் காக்கும். சுழலும் துளைப்பொறியிலோ கடைசல் பொறியிலோ அதே கையுறை நுனி சிக்கி, கையை உள்ளே இழுத்துவிடும். தொங்கும் துப்பட்டாவும் பின்னாத முடியும் அப்படியே. மெதுவான ஆபத்துகளுக்கோ இந்தப் பழக்கவழி போதாது. அவற்றை அளந்த எண்ணாக, மருத்துவப் பதிவாக, படமாக வெளியிலிருந்து கொண்டுவந்து காட்ட வேண்டும். அதைவிட முதன்மையானது, கற்பவரின் கவனத்தை நம்பாமல் வேலையையே மாற்றுவது: ஈயமில்லாத கிளேஸ், ஈரத்தில் வெட்டும் கட்டர், தூசை அது எழும் இடத்திலேயே உறிஞ்சும் குழாய். முகமூடி கடைசி வரிசையில் நிற்பது. தாடியோடு அணிந்தாலோ துணியால் கட்டினாலோ 5 மைக்ரான் துகள் ஓரத்தால் உள்ளே போய்விடும்.

பாதுகாப்பு கையின் உணர்வை மழுக்கும், செலவும் கூட்டும் என்பது அடுத்த எதிர்வாதம். கனத்த கையுறையோடு வனைய முடியாது என்பது சரிதான். அப்படி யாரும் கேட்கவும் இல்லை. வனையும் நேரத்தில் மண் ஈரமாக இருப்பதால் அங்கே தூசும் இல்லை. தூசு எழுவது உலர்ந்த பானையைத் தேய்க்கும்போது, பொடியைக் கொட்டும்போது, அதைவிடவும் மாலையில் தரையைப் பெருக்கும்போது. செலவைப் பொறுத்தவரை சிறு பட்டறைகளின் நெருக்கடி உண்மையானது. சட்டமும் அவற்றுக்குப் பெரிதும் எட்டவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சிலிக்கோசிஸை அறிவிக்க வேண்டிய நோயாகக் குறித்தது. ஆனால் அச்சட்டம் பொதுவாகப் பொருந்தியது மின்விசையோடு 10 பேர், இல்லாமல் 20 பேர் வேலை செய்யும் இடங்களுக்கு. 2020-இன் தொழில் பாதுகாப்புத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20, 40 என்று உயர்த்தியது. ஆசானும் நான்கு மாணவர்களும் இருக்கும் கூடம் இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. ஆய்வாளர் வரமாட்டார் என்பதால்தான் ஆசிரியரின் பொறுப்பு இங்கே கூடுகிறது.

அந்தப் பெருக்கும் வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். எல்லாப் பட்டறைகளிலும் அது கடைசியாக வந்து சேர்ந்தவருக்கே போகிறது. பகல் முழுதும் கையிலிருந்து உதிர்ந்த மண், கால் பட்டு நொறுங்கி, உலர்ந்து தரையில் மாவாகக் கிடக்கும். துடைப்பம் பட்டதும் கனத்தது குவியும், மெல்லியது எழும். எழுந்தது அடுத்த நாள் காலை வரை அறையில் சுற்றும். கூடத்தில் தொழிலைப் பற்றி மிகக் குறைவாகத் தெரிந்தவர்தான் அன்றைக்கு மிகுதியான சிலிக்காவைச் சுவாசிக்கிறார். அதுவும் வேலை முடிந்துவிட்டது என்று எல்லோரும் எண்ணும் நேரத்தில். இதை மாற்ற இயந்திரம் வேண்டாம். துடைப்பத்தை அகற்றிவிட்டு ஒரு வாளித் தண்ணீரும் பஞ்சும் ஈரத்துணியும் வைத்தால் போதும். மேசையைத் துடைத்த பஞ்சை உலரவிடாமல் அலசி, அலசிய சேறு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் வடித்து, சேற்றை மறுபடி களிமண் தொட்டியில் சேர்த்துவிடலாம். புதிய மாணவருக்கு முதல் நாள் கற்பிக்க வேண்டியது இந்த வேலை. அதை ஆசிரியர் தாமே ஒருமுறை செய்து காட்டிக் கற்பிக்க வேண்டும்.