மூலமும் படியும்

ஒரு நூலுக்குப் படிகள் பெருகுவது பெருமை. இணையத்தில் ஒரு பக்கத்திற்குப் படிகள் பெருகுவதோ இடையூறு. இவ்விடையூறு தோன்றிய வகையையும் தீர்ந்த வகையையும் அறிவது, எழுதுவோர்க்கும் கற்பிப்போர்க்கும் பயன் தருவதாகும்.

1995ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் அல்டாவிஸ்டா என்னும் தேடுபொறி தொடங்கப்பெற்றது. ஒரு சொல்லைக் கொடுத்தால், அச்சொல் இடம்பெறும் பக்கங்களை வரிசைப்படுத்திக் காட்டுவது அதன் பணி. ஆயின், ஒரே பக்கம் பல முகவரிகளில் இருந்தமையால், தேடியவர்க்கு ஒன்றே மீண்டும் மீண்டும் கிட்டியது. இக்குறையைப் போக்க, 1997இல் ஆந்திரே புரோடரும் அவருடன் பணியாற்றிய அறிஞர்களும் ஒரு முறையை வகுத்தனர். முதற்சொல் தொடங்கிப் பத்துச் சொற்கள், இரண்டாம் சொல் தொடங்கிப் பத்துச் சொற்கள் என ஒவ்வொரு பக்கத்தையும் தொடர்களாகப் பகுத்தனர். நூறு சொற்கள் கொண்ட பக்கத்தில் இவ்வாறு 91 தொடர்கள் அமையும். தொடர்களை எண்களாக மாற்றி, இரு பக்கங்களுக்கும் பொதுவாக உள்ளவை எத்துணை எனக் கணித்தனர். ஏறத்தாழ 3 கோடிப் பக்கங்கள் இம்முறையால் ஆராயப்பெற்றன.

2002இல் மோசஸ் சரிகார் வேறொரு முறையை வெளியிட்டார். ஒரு பக்கம் முழுவதையும் சிறியதோர் எண் அடையாளமாகச் சுருக்குவது அது. 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் அம்முறை 800 கோடிப் பக்கங்களுக்கும் ஏற்றதே என்று காட்டினர்.

ஆயினும், ஓர் ஐயம் எஞ்சி நின்றது. இரு பக்கங்கள் ஒத்துள்ளன என்று பொறி அறிந்ததேயன்றி, அவற்றுள் மூலம் எது என்று அறிந்திலது. எனவே, எழுதியவரின் பக்கம் மறைந்து, படியெடுத்தவரின் பக்கம் முன்னிற்கவும் நேர்ந்தது. படிகள் அனைத்தும் களவினால் வருவன அல்ல. ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ’ என்னும் முன்னொட்டுடன் ஒரு முகவரி, அஃதின்றி ஒரு முகவரி, அச்சிடுதற்கென ஒரு முகவரி எனத் தளத்தார் தாமே அறியாமல் படிகளைப் பெருக்கினர். பிறர் தரும் இணைப்புகளும் அம்முகவரிகளிடையே சிதறின. இத்தகைய படிகளுக்குத் தண்டனை இல்லை என்றும், ஏமாற்றும் நோக்கமே குற்றம் என்றும் 2008இல் கூகுள் விளக்கியது.

2009 பிப்ரவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் ஒருங்கே ஒரு வழியை ஏற்றன. ‘இப்பக்கத்தின் மூல முகவரி இதுவே’ என்று தளத்தாரே பக்கத்தின் தலைப்பகுதியில் குறிக்கும் ‘கனானிகல்’ குறிப்பே அது. 2012இல் இணையத் தொழில்நுட்ப ஆவணங்களிலும் அது இடம்பெற்றது. இடம் மாறிய பக்கத்தின் பழைய முகவரிக்கு வருவோரைப் புதிய முகவரிக்கு நிலையாகத் திருப்பிவிடும் ‘301’ முறை அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. கனானிகல் குறிப்பு வேண்டுகோளேயன்றிக் கட்டளையன்று; படியெடுக்கும் பிறரை அது தடுப்பதுமில்லை. எனினும், தன் பக்கங்களுள் தானே குழப்பம் விளைவிக்கும் நிலையை அது பெரிதும் நீக்கியது.

ஒப்புமை காண்பது பொறியின் திறன்; மூலம் இதுவென அறிவிப்பது எழுதியோர் கடன். தம் படைப்பை இணையத்தில் ஏற்றுவோர், அதற்கு ஒரே முகவரியை உறுதி செய்து, அதனையே எங்கும் வழங்குவாராயின், அவர்தம் உழைப்பு படிகளின் நடுவே மறையாது.