ஸ்டீவன்சனும் வளைந்த வெள்ளரிக்காயும்

ரயில் பாதைகளின் தந்தை என்று போற்றப்படும் ஜார்ஜ் ஸ்டீவன்சன் (1781 - 1848) தமது கடைசிப் பத்தாண்டுகளில் மல்லுக்கு நின்றது வெள்ளரிக்காயோடு என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, பதினெட்டு வயது வரை எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்தவர் இவர். 1830ல் லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில் பாதை இவருக்குப் பெரும் புகழைத் தந்தது. 1838ல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டு நகரில் உள்ள டாப்டன் மாளிகைக்குக் குடிவந்த பின் தோட்டக்கலையில் இறங்கினார். அதே மாவட்டத்தில் சாட்ஸ்வொர்த் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர் ஜோசப் பாக்ஸ்டன் (1851ல் லண்டனில் எழுந்த கண்ணாடி மாளிகையை வடிவமைத்தவரும் இவரே). அவருடைய அன்னாசிப் பழங்களை மிஞ்ச வேண்டும் என்பது ஸ்டீவன்சனின் ஆசை.

வெள்ளரிக்காய் மட்டும் அவருக்கு அடங்கவில்லை. என்ன செய்தாலும் வளைந்தே காய்த்தது. கடைசியில் கண்ணாடிக் குழாய்களைச் செய்வித்து, பிஞ்சாக இருக்கும்போதே காயை அவற்றுக்குள் நுழைத்து வைத்தார். காய் குழாயின் வடிவத்திலேயே நேராக வளர்ந்தது. அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று விருந்தினரிடம் காட்டிப் பெருமைப்பட்டாராம்!

ஆனால் குழாய் திருத்தியது காயைத்தான், கொடியை அல்ல. அக்காலத்து இங்கிலாந்தில் குதிரைச் சாணத்தின் சூட்டில், கண்ணாடி மூடிய தாழ்வான பாத்திகளில் வெள்ளரியைப் படரவிடுவது வழக்கம். தரையில் கிடக்கும் காய் எளிதில் வளையும். இந்தியாவில் இமயமலை அடிவாரத்தில் தோன்றியதாகக் கருதப்படும் வெள்ளரியோ, பற்றுக்கம்பிகளால் பற்றி ஏறும் கொடியாகும். ஏறவிட்டால் காய் தன் எடையாலேயே நேராகத் தொங்கும். நம் ஊர்ப் பந்தலில் புடலங்காயின் நுனியில் கல் கட்டித் தொங்கவிடுபவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

1845ல் பிரிட்டன் கண்ணாடி மீதான வரியை நீக்கியது. கண்ணாடி மலிவானதால் உயரமான கண்ணாடி வீடுகள் பெருகின. அங்கே வெள்ளரி மேல்நோக்கி ஏறியது. இன்றைய பசுமைக் குடில்களில் பரவலாக உள்ள குடை முறையில், ஒற்றைத் தண்டைக் கயிற்றில் மேலே ஏற்றுகிறார்கள். கீழ்ப்பகுதியில் தோன்றும் பக்கக் கிளைகளையும் பிஞ்சுகளையும் கிள்ளிவிடுவார்கள். பிஞ்சை இழப்பது நஷ்டம் போலத் தோன்றும். ஆனால் இளஞ்செடி காய்க்குச் செலவிடும் சத்தை முதலில் வேருக்கும் இலைக்கும் செலவிட்டால்தான் பின்னால் விளைச்சல் நிலைக்கும். தண்டு மேல் கம்பியை எட்டியதும் அதன் நுனியைக் கிள்ளி, இரண்டு கிளைகளை மட்டும் இருபுறமும் தொங்கவிடுவார்கள்.

விதையில்லாமல் காய்க்கும் ரகங்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. மகரந்தச் சேர்க்கை நடந்தால் காய் ஒருபுறம் பருத்து உருக்கெடும். அதனால் ஆண் பூக்களைக் கிள்ளுவதோடு தேனீக்களையும் உள்ளே விடுவதில்லை.

நேரான காய் மீதான மோகம் சட்டம் வரை போனது. 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்த வெள்ளரிக்காய் உயர்தர வகையில் சேராது என 1988ல் ஐரோப்பிய சமூகம் விதி செய்தது. வளைந்த காயை வீணாக்கவே அது உதவுகிறது என்ற கண்டனத்துக்குப் பின் 2009 ஜூலையில் அந்த விதி நீக்கப்பட்டது. ஸ்டீவன்சனின் குழாய்களில் ஒன்று செஸ்டர்ஃபீல்டு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.