வயிற்றெரிச்சலும் ஒரு மாகாணமும்

வயிற்றெரிச்சல்னா நம்மூரில் பொறாமை. நான் சொல்ல வந்தது நிஜமாவே எரியிற வயிறு :-) அதுக்கான மாத்திரைக்கு யார் காசு கொடுப்பது என்று கனடாவில் ஒரு மாகாண அரசும் மருந்துக் கம்பெனிகளும் கோர்ட் வரைக்கும் போன கதை இது.

கனடாவில் டாக்டரைப் பார்க்க, ஆஸ்பத்திரியில் படுக்க காசு இல்லை என்பது தெரிந்ததுதான். ஆனா வீட்டில் சாப்பிடுகிற மாத்திரை அந்தக் கணக்கில் வராது. அதற்கு மாகாணத்துக்கு மாகாணம் தனித் திட்டம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் அதன் பெயர் ஃபார்மகேர்.

கொஞ்சம் பின்னாடி போவோம். ஜேம்ஸ் பிளாக் குழு கண்டுபிடித்த சிமெடிடின் 1976-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அல்சர்னா ஆபரேஷன் என்றிருந்த நிலைமை மாறியது. 1981-ல் ரானிடிடின் வந்து அதை ஓரங்கட்டியது. அப்புறம் சிமெடிடின் பேடன்ட் முடிந்து மலிவாச்சு, ஆனாலும் விலை கூடினதுக்கே கிராக்கி.

1995 அக்டோபரில் ஃபார்மகேர் ஒரு முடிவெடுத்தது. இந்த வகை மாத்திரைகள் எல்லாம் ஒரே வேலைதான் செய்கின்றன, அதனால் சிமெடிடினுக்கு ஆகிற செலவை மட்டும்தான் தருவோம், வேறு வேணும்னா வித்தியாசத்தை நீங்களே கட்டுங்க. ஜெர்மனி 1989-லேயே இதே மாதிரி ஆரம்பித்திருந்தது.

கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா சிமெடிடினுக்கு ஒரு கெட்ட குணம். ஈரலில் மற்ற மருந்துகள் கரைவதைத் தாமதப்படுத்தும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிற பெரியவருக்கு ரத்தக்கசிவே வரலாம். வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுப்பவருக்கும் இதே தலைவலி. அவருக்கு எப்படி இரண்டும் ஒன்றாகும்? அதனால் டாக்டர் காரணம் எழுதி அனுப்பினால் விலக்கு உண்டு என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். என்னைக் கேட்டால் திட்டத்தின் உயிரே அந்தக் கதவுதான். (டாக்டருக்கு எழுத நேரமில்லைன்னா நோயாளி பாடு திண்டாட்டம்தான்!)

கம்பெனிகள் வழக்குப் போட்டன. 1997-ல் மேல்முறையீட்டிலும் தோற்றன.

2003-ல் மறுபடியும். இந்த முறை ஒமிப்ரசோல் வகையறா. ரபிப்ரசோலுக்கு மாறினால்தான் காசு என்றார்கள். ஆறு மாதத்தில் 45 சதவீதம் பேர் மாறினதாகவும், வயிற்றில் ரத்தக்கசிவு கூடலைன்னும் 2006-ல் வந்த ஆய்வு ஒன்று சொன்னது. நல்ல சேதிதான். ஆனா ஒத்துப்போன மாத்திரையை விட்டுவிட்டு, பட்டியல் மாறிடுச்சுன்னு வேற ஒண்ணை விழுங்கின தாத்தா பாட்டிகள் அந்த ஆறு மாசம் எத்தனை ராத்திரி நெஞ்சைப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருந்தாங்க என்பது ரத்தக்கசிவுக் கணக்கில் வராது.