தீராத வயிற்று வலி

சின்ன வயசுல பொட்டலம் மடிச்ச பேப்பரைக்கூட விடாம படிக்கிற ஆள் நான். அப்போ எனக்கு ஒரு பெரிய சந்தேகம். நம்ம சனங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை பேருக்கு வயிற்று வலி? 'தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்த' என்று ஆரம்பிக்கிற செய்தி எப்படி முடியும்னு உங்களுக்கே தெரியும்.

வளர்ந்த பிறகுதான் மெல்ல விளங்கியது. கடன், குடும்பச் சண்டை, மனச்சோர்வு என்று வாய் திறந்தால் போலீஸ் கேள்வி மேல கேள்வி கேட்கும், தெரு கதை கட்டும். வயிற்று வலின்னா அதுக்கு மேல யாரும் கேட்க மாட்டாங்க. செத்தவர் வீட்டுக்கு இந்தப் பாடு என்றால், பிழைச்சு வந்தவருக்கு வேறொன்று காத்திருந்தது: இந்திய தண்டனைச் சட்டம், 309-வது பிரிவு. தற்கொலைக்கு முயன்றால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது ரெண்டும். வாழப் பிடிக்காதவனை ஜெயில்ல போட்டா வாழப் பிடிச்சிடுமா? 1860-ல் வெள்ளைக்காரன் எழுதி வைத்தது.

அவன் ஊரிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் 1961 வரை தற்கொலை முயற்சி குற்றம். அந்த இங்கிலாந்தில் 1935-ல் சாட் வாரா என்கிற இளம் பாதிரியார் லிங்கன் நகரத்தில் தன் முதல் இறுதிச் சடங்கை நடத்தினார். செத்தது 14 வயசுப் பொண்ணு. மாதவிலக்கு வந்ததைப் பால்வினை நோய் என்று பயந்து உயிரை விட்டிருக்கிறாள். அவளுக்குக் கேட்க ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்தச் சாவு மனுஷரை விடவே இல்லை.

18 வருடம் கழித்து, 1953 நவம்பரில், லண்டனில் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தீ பிடிச்சா கூப்பிட 999 இருக்கு, மனசு பத்தி எரிஞ்சா யாரைக் கூப்பிடுறது என்பது அவர் கணக்கு. (சம்பளம் பத்தாமல் சிறுவர் காமிக்ஸுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தவர் இவர். பாதிரியார்னா இப்படி இருக்கணும்!)

இதில் எனக்குப் பிடித்த இடம் இனிமேதான் வருது. கூட்டம் கூடிவிட்டது. அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துப் பேச்சுத் துணையாக இருக்கச் சில தொண்டர்கள் வந்தார்கள். ஒரு பட்டமும் இல்லாத சாதாரண ஆட்கள். கொஞ்ச நாளில் பாதிரியார் ஒன்றைக் கவனித்தார். டீ குடிச்சுப் பேசி முடிச்ச பலபேர், அவரைப் பார்க்காமலேயே தெம்பாக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார்கள்!

வேற ஆளா இருந்தா கோவிச்சிருப்பார். இவர் 1954 பிப்ரவரியில் தொலைபேசியையே அந்த டீ போட்டவர்களிடம் ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படி வளர்ந்ததுதான். புத்தி சொல்லக் கூடாது, மதம் பேசக் கூடாது, கேட்டது வெளியே போகக் கூடாது. வைத்தியம் தேவைப்படுகிறவரை மருத்துவரிடம் அனுப்பணும். புத்தி சொல்லாம ரெண்டு நிமிஷம் இருக்க நம்மில் எத்தனை பேரால முடியும்?

சென்னைக்கு இந்த மாதிரி ஒரு இடம் 1986-ல் வந்தது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் ஆரம்பித்த சிநேகா. அப்போதும் 309 அப்படியே இருந்தது. ஒரு பக்கம் 'வாங்க, மனசு விட்டுப் பேசுங்க', இன்னொரு பக்கம் 'பிழைச்சா கேஸ்'. 1994-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. ரெண்டே வருஷத்தில் பெரிய பெஞ்ச் செல்லும் என்று திருப்பிவிட்டது. கடைசியில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு அவரைக் கவனிக்க வேண்டும் என்றது. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் பழைய 309 கிடையாது. (அரசு ஊழியரை மிரட்டுவதற்காக முயன்றால் மட்டும் இன்னும் குற்றம்.) இங்கிலாந்து தூக்கிப் போட்டதை நாம தூக்கிப் போட அறுபது வருஷத்துக்கு மேல! நடுவில் 2022-ல் மத்திய அரசின் டெலி மானஸ் வந்தது. 14416, தமிழிலேயே பேசலாம்.

வயிற்று வலி முழுக்கப் பொய்யும் இல்லைங்க. மனச்சோர்வு பல பேருக்கு உடம்பு வழியாத்தான் பேசும்: பசியின்மை, தலைபாரம், தூக்கமில்லாமை, வயிறு. எங்க சித்திக்கு ஒரு வருஷம் வயிற்று வலி. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லை. மந்திரிச்சும் பார்த்தாச்சு. நாலாவதாப் பார்த்த டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமா வச்சிட்டு, "ராத்திரி தூங்குறீங்களாம்மா?"ன்னு கேட்டாராம். சித்தி அங்கேயே உடைஞ்சு அழுதுட்டாங்க. மனநல மருத்துவர்கிட்ட அனுப்பினார். மாத்திரை ஒரு வருஷம் ஓடுச்சு, நடுவுல ரெண்டு தடவை நிறுத்திட்டுத் திரும்ப ஆரம்பிச்சாங்க. ஊர்ல இன்னும் சித்தப்பா "வயித்துக்குப் பார்த்தோம்"னுதான் சொல்றார். சித்தி பக்கத்துல இருந்தா, "வயித்துக்கு இல்ல, மனசுக்கு"ன்னு திருத்துவாங்க.