சாதனங்களுக்கிடையே செயலிப் பகிர்வு: அமைப்புகளின் வரலாறு

கணினியில் தொடங்கிய வேலையைத் திறன்பேசியில் தொடரவும், ஒரு சாதனத்திலுள்ள செயலி மற்றொரு சாதனத்திற்குச் செய்தியோ கோப்போ அனுப்பவும் அனுமதி தரும் அல்லது மறுக்கும் தெரிவுகள் செயலிப் பகிர்வு அமைப்புகள் எனப்படுகின்றன. இவற்றின் அடிப்படையில் இருப்பது ஒரே கேள்விதான்: மறுமுனையில் இருப்பவர் யார்? கடந்த முப்பது ஆண்டுகளில் இக்கேள்விக்குக் கம்பி, அண்மை, கணக்கு என மூன்று விடைகள் தரப்பட்டுள்ளன.

கம்பியும் அண்மையும்

1996இல் வெளிவந்த பாம் பைலட் என்னும் கையடக்கக் கருவியைக் கணினியுடன் கம்பியால் இணைந்த தாங்கியில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால், நாட்காட்டியும் முகவரிகளும் இரண்டிலும் ஒன்றாயின. கம்பியைச் செருகியவரே உரிமையாளர் என்று கொள்ளப்பட்டதால், வேறு அனுமதி அதிகம் தேவைப்படவில்லை. அகச்சிவப்புக் கதிர் வழியே கோப்பு அனுப்ப, இரு கருவிகளையும் எதிரெதிரே அருகில் வைக்க வேண்டியிருந்தது. அனுப்புபவரும் பெறுபவரும் பெரும்பாலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் தொலைவில் இருந்தனர்.

புளூடூத் இந்நிலையை மாற்றியது. 1998இல் இதற்கான கூட்டமைப்பு உருவானது. சுவருக்கு அப்பால் இருப்பவரும் கோப்பு அனுப்ப முடிந்ததால், கைபேசி பிறர் கண்ணில் படலாமா, மறைந்திருக்க வேண்டுமா என்ற தெரிவு தேவையாயிற்று. 2004இல் சிம்பியன் கைபேசிகளில் பரவிய கேபிர் என்னும் தீநிரல், கண்ணில் படும் நிலையில் இருந்த கைபேசிகளையே தேடிச் சென்றது. அதை ஏற்கலாமா என்று கைபேசி உரிமையாளரிடம் கேட்கவும் செய்தது. தொல்லை தாளாமல் 'ஆம்' என்று அழுத்தியவர்களின் கைபேசியில் அது குடியேறியது. அனுமதி கேட்பது மட்டும் பாதுகாப்பாகிவிடாது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

இந்தியாவில் கோப்புப் பகிர்வு

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவர் பலரின் வீட்டுக்கு முதல் கணினி வந்தது. இணையத் தரவின் விலை உயர்ந்திருந்த அக்காலத்தில் பாடங்களும் பாட்டுகளும் படங்களும் பென்டிரைவிலும் புளூடூத்திலும் கைமாறின. பின்னர் ஷேர்இட், செண்டர் போன்ற செயலிகள், இணையம் இல்லாமலேயே இரு சாதனங்களை வைஃபையால் நேரடியாக இணைத்துப் பெரிய கோப்புகளையும் விரைவாக அனுப்பின. 2020 சூன் 29 அன்று இந்திய அரசு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவின்கீழ் தடை செய்த 59 செயலிகளில் இவ்விரண்டும் இருந்தன. அதே ஆண்டு ஆகத்தில் ஆண்ட்ராய்டிலேயே அமைந்த 'அருகில் பகிர்' வசதியை கூகுள் வெளியிட்டது.

கணக்கே அடையாளம்

2014இல் ஆப்பிளின் ஹேண்ட்ஆஃப் வசதி, ஒரே கணக்கில் உள்ள கணினிக்கும் கைபேசிக்கும் இடையே வேலையைக் கைமாற்றியது. விண்டோஸ் 10இன் 2018 ஏப்ரல் பதிப்பில் அருகிலுள்ள கணினிகளுடன் கோப்புப் பகிரும் வசதி வந்தது. விண்டோஸ் 11இல் 'சாதனங்களுக்கிடையே பகிர்' என்ற அமைப்பு மூன்று தெரிவுகளைத் தருகிறது: நிறுத்தம், எனது சாதனங்கள் மட்டும், அருகிலுள்ள அனைவரும். இவற்றுள் மூன்றாவதே இடர் மிகுந்தது. ஆப்பிளின் ஏர்டிராப்பில் 'அனைவரும்' என்ற தெரிவு 2022 நவம்பரில் சீனாவிலும், அடுத்த மாதம் உலகெங்கும் பத்து நிமிடங்களுக்கு மட்டும் செல்லும்படி சுருக்கப்பட்டது.

'எனது சாதனம்' என்னும் சிக்கல்

'எனது சாதனங்கள் மட்டும்' என்ற தெரிவு, ஒருவருக்கு ஒரு கணினி உண்டு என்று எண்ணி அமைக்கப்பட்டது. தென்காசி மாவட்டத்தின் வட்டத் தலைநகரங்களுள் ஒன்றான சிவகிரி போன்ற ஊர்களில் இவ்வெண்ணம் எப்போதும் பொருந்துவதில்லை. கல்வி உதவித்தொகைக்கும் சான்றிதழுக்கும் தேர்வுக்கும் விண்ணப்பிக்க வருபவர்கள் இ-சேவை மையத்தையும் பிரவுசிங் சென்டரையும் ஜெராக்ஸ் கடையையும் நாடுகின்றனர். அங்குள்ள கணினி ஊருக்கே பொது.

2015 சனவரியில் வந்த வாட்ஸ்அப் வெப், கைபேசியால் ஒரு கட்டக் குறியைப் படம்பிடித்தவுடன் கணினியில் உரையாடல்களைத் திறந்துவிடும். ஆதார் நகலை அச்செடுக்க எளிய வழி இது. தொடக்கத்தில் கைபேசி இணையத்தில் இருந்தால்தான் கணினியிலும் அது இயங்கியது. 2021இல் அறிமுகமான பல்சாதன வசதி அக்கட்டுப்பாட்டை நீக்கியது. கைபேசி அணைந்திருந்தாலும், இணைத்த கணினியில் செய்திகள் வந்துகொண்டிருக்கும். எனவே வெளியேறாமல் எழுந்து சென்றவரின் குடும்பப் பேச்சும் வங்கித் தகவலும் அடுத்து அமர்பவர் கண்ணில் படக்கூடும். கைபேசியிலுள்ள 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலைத் திறந்து, எங்கிருந்தும் அந்த இணைப்பைத் துண்டிக்கலாம்.

இந்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் பிறப்பித்த உத்தரவு, இத்தகைய கணினி இணைப்புகள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது தானாக வெளியேற வேண்டும் என்றது. மோசடியைத் தடுப்பது அதன் நோக்கம். சொந்தக் கணினி வைத்திருப்பவருக்கு இது தொந்தரவு. கடைக் கணினியை நம்பியிருப்பவருக்கு ஓரளவு பாதுகாப்பு.

அனுமதியும் மீட்பும்

தனிமறைவு அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகத்து 24 அன்று தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவைத் தருவது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. இச்சட்டம் நிறுவனங்கள் தரவைக் கையாள்வதைப் பற்றியது. கடைக் கணினியில் ஒருவர் விட்டுவந்த இணைப்பைப் பற்றியது அன்று. எனினும் அந்த அளவுகோல் பகிர்வு அமைப்புகளுக்கும் பொருந்தும். இணைப்பதற்கு ஒரு நொடி போதும் என்னும்போது, துண்டிக்கும் வழியும் அதே அளவு கண்ணெதிரே இருக்க வேண்டும். பலர் பயன்படுத்தும் கணினியில் இதன் தேவை இன்னும் மிகுதி.