தொடை வழியே இதயத்துக்கு

கையில் வைத்துப் பார்த்தால், உடுக்கையை இருபுறமும் அமுக்கித் தட்டையாக்கியது போல இருக்கும். தலைமுடியைவிடச் சற்றே தடித்த நிக்கல்-டைட்டானியம் கம்பிகளால் பின்னிய இரண்டு வட்டத் தட்டுகள், நடுவே குட்டையாக ஓர் இடை, உள்ளே தைத்து வைத்த பாலியஸ்டர் துணி. பெயர் ஆம்ப்ளாட்ஸர். இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் பிறவியிலேயே இருக்கும் ஓட்டையை, நெஞ்சைத் திறக்காமல் அடைப்பது இதன் வேலை. ‘டிவைஸ் போட்டு அடைச்சிடலாம்’ என்று டாக்டர் சொல்வது பெரும்பாலும் இதையோ இதன் வகையறாவையோதான்.

ஓட்டையை எதைக் கொண்டு அடைப்பது என்பதைவிட, அதை அங்கே எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதுதான் பெரும்பாடாக இருந்தது. 1975இல் நியூ ஆர்லியன்ஸில் டெர்ரி கிங், நோயல் மில்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 17 வயதுப் பெண் ஒருவருக்கு ரத்தக்குழாய் வழியே இரட்டைக் குடை ஒன்றைக் கொண்டுபோய் விரித்து ஓட்டையை மூடினார்கள். உலகில் அதுவே முதல் முறை. ஆனால் அந்தக் குடை போவதற்கு ஏழரை மில்லிமீட்டருக்கும் மேல் அகலமான குழாய் வேண்டியிருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அது ஆகாது. பின்னால் வந்த ‘கிளாம்ஷெல்’ குடை சற்று ஒடுங்கிய குழாயில் போனது. போன இடத்தில், ஓயாத துடிப்பில் வளைந்து வளைந்து அதன் உலோகக் கைகள் ஒடிந்தன. 1991இல் அதை விலக்கிக்கொண்டார்கள்.

ஒடியாத உலோகம் அதற்கு முன்பே வேறோர் இடத்தில் பிறந்திருந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் ஏவுகணை முனைக்கு ஏற்ற உலோகம் தேடியபோது கிடைத்தது, நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால். 1961இல் ஒரு கூட்டத்தில், பல மடிப்பாக மடக்கிய நிட்டினால் பட்டையை ஒருவர் லைட்டரால் சூடாக்கினார். பட்டை தானாக நிமிர்ந்தது. உலையில் வைத்து ஒரு வடிவத்தைப் பழக்கிவிட்டால், பிறகு நீட்டி இழுத்தாலும் விட்டவுடன் அதே வடிவத்துக்குத் திரும்பும் குணமும் இதற்கு உண்டு.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கதிரியக்க மருத்துவராக இருந்த, ஆஸ்திரியாவில் பிறந்த கர்ட் ஆம்ப்ளாட்ஸ் நிட்டினால் கம்பியை வலையாகப் பின்னினார். 1995இல் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில் அதை முதன்முதலாக மனித இதயத்துக்குள் வைத்தார்கள். அமெரிக்க அரசின் அனுமதி 2001 டிசம்பரில் வந்தது. இழுத்தால் கயிறு போல நீளும் வலை என்பதால், 2 முதல் 4 மில்லிமீட்டர் குழாயே போதுமாயிற்று.

‘கேத் லேப்’ எனப்படும் சிகிச்சை அறையில் நடப்பது இது. தொடைச் சிரையில் ஊசித் துளை போட்டு நுழைக்கும் குழாய், வயிற்றின் பெருஞ்சிரை வழியாக வலது மேலறைக்கு ஏறி, ஓட்டையைத் தாண்டி இடது மேலறையில் நிற்கும். மெல்லிய கேபிளின் நுனியில் திருகி மாட்டிய வலையைத் தள்ளினால், முதல் தட்டு அங்கே மலரும். எக்கோ திரையைப் பார்த்தபடியே அதைச் சுவரோடு ஒட்ட இழுத்துக் குழாயைப் பின்வாங்கினால், இடை ஓட்டைக்குள் அமர்ந்து, இரண்டாம் தட்டு வலப்பக்கம் விரியும். பிறகு கேபிளை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பார்கள். ‘மின்னசோட்டா விக்கிள்’ என்று அதற்குப் பெயரே உண்டு. பிடிப்பு சரியில்லையென்றால் வலையை மறுபடி குழாய்க்குள் இழுத்துக்கொள்ளலாம். சரியாக இருந்தால் திருகைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

அடுத்த சில மாதங்களில் இதயத்தின் சொந்தத் திசு வலைமேல் படர்ந்து மூடும். ரத்தம் உறையாதிருக்க ஆறு மாதம் போல ஆஸ்பிரின் கொடுப்பார்கள்.

இதே குடும்பத்தின் இளையது ‘பிக்கோலோ’. பிறந்ததும் தானாக மூடிக்கொள்ள வேண்டிய நாளம் மூடாமல் போன குறைமாதக் குழந்தைகளுக்கானது. 700 கிராம் எடையுள்ள சிசுவுக்கும் பொருத்த 2019இல் அமெரிக்கா அனுமதித்தது.

வழி இவ்வளவு ஒடுங்கியும் எல்லா ஓட்டைக்கும் ஆம்ப்ளாட்ஸர் பொருந்துவதில்லை. தட்டுகள் கவ்விப் பிடிக்கச் சுற்றிலும் விளிம்பு வேண்டும். வால்வுகளை ஒட்டிச் சுவரின் அடியில் இருக்கும் ஓட்டைக்கு இன்றும் அறுவைச் சிகிச்சைதான். அபூர்வமாகச் சிலருக்கு வலை இதயச் சுவரை அரித்ததும் உண்டு. ஆகவே ‘ஓட்டை எத்தனை மில்லிமீட்டர்?’ என்று கேட்கிற பெற்றோர், ‘சுத்தி விளிம்பு போதுமான அளவு இருக்கா, டாக்டர்?’ என்றும் கேட்கலாம். டிவைஸா ஆபரேஷனா என்பது பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் தீர்மானமாகும்.