எந்தக் கேஷ்?

ஆங்கிலத்தின் 'கேஷ்' நம்முடைய 'காசு'தான் என்று மேடையில் சொன்னால் கைதட்டல் உறுதி. சொல்லாய்வாளரிடம் சொன்னால், "எந்தக் கேஷ்?" என்று திருப்பிக் கேட்பார். கேள்வி நியாயமானது. ஒரே எழுத்துக்கூட்டலில், வெவ்வேறு வேர்களிலிருந்து வந்த இரண்டு 'கேஷ்'களை ஆங்கில அகராதிகள் தனித்தனியே பதிவு செய்கின்றன.

கடையில் நீட்டுகிற ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பிறப்பில் பணமே அல்ல, பெட்டி. லத்தீனில் 'காப்சா' என்றால் பேழை. அது இத்தாலியில் 'காஸா' ஆகி, பிரெஞ்சிலும் புழங்கி, 1590களில் ஆங்கிலத்துக்கு வந்தது. வணிகக் கணக்கில் ஐரோப்பாவுக்கே இத்தாலியர்தான் வாத்தியார்கள். 'பேங்க்' என்ற சொல்லும் அவர்கள் கொடுத்ததே. பணப்பெட்டியையும் அதற்குள் இருந்த பணத்தையும் கொஞ்சகாலம் இந்த ஒரு சொல்லே குறித்தது. 18ஆம் நூற்றாண்டில் பெட்டி வழக்கொழிந்து, பணம் மட்டும் நின்றது. கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1600இன் கடைசி நாளில். அது சென்னையில் இடம் பெற்றது 1639இல். அதற்குள் இந்தக் கேஷ் லண்டன் கணக்கேடுகளில் ஏறியாயிற்று. மேடைப் பேச்சு இங்கே தோற்கிறது.

இன்னொரு கேஷில் ஜெயிக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் காசும் ஈழக்காசும் சாதாரணம். வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடே 'நாள், மலர், காசு, பிறப்பு' என்பதுதான். வடமொழியில் 'கர்ஷ' என்றொரு எடைப்பெயர் உண்டு. காசு அதிலிருந்து வந்தது என்பாரும், தமிழின் சொந்தச் சொல் என்பாரும் இன்றும் வாதாடுகிறார்கள். எப்படியிருந்தாலும், இந்தக் காசைப் போர்த்துக்கீசியர் 'கைஷா' என்று எழுதிக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் கைஷா என்றால் பெட்டி, அதே லத்தீன் பேழையின் வாரிசு! தெரியாத சொல்லுக்குத் தெரிந்த சொல்லின் சட்டையை மாட்டிவிட்டார்கள். ஆங்கிலேயரும் அதையே செய்ய, காசு 'கேஷ்' ஆனது. நடுவில் சதுரத் துளையிட்ட சீன நாணயத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இந்த வரலாற்றைப் பதிவு செய்திருக்கிறது. அதன் ஆசிரியர் இருவரில் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

சென்னை மாகாணத்தில் கம்பெனியின் கணக்கு 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று ஓடியது. இதற்கான செப்புக்காசுகள் இங்கிலாந்தில் அச்சாகி வந்தன. அப்படி 1808ஆம் ஆண்டு பொறித்த பத்துக்காசு, இருபதுகாசு நாணயங்களை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முத்துக்குளிப்பவர்களைப் போல் உள்ளே இறங்கியவர்கள் அவற்றை வெளியே கொண்டுவந்தார்கள். இருபதுகாசின் ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் ஆங்கிலத்தில் 'கேஷ்'. அதன் மேலே பாரசீகத்தில், இருபது 'காஸ்' நான்கு ஃபுலூஸுக்குச் சமம் என்ற வாசகம். தமிழின் ஒலி ஆங்கிலத்தைவிடப் பாரசீகத்தில்தான் பத்திரமாக இருந்தது. திருவிதாங்கூரில் 'ஒன் கேஷ்' நாணயம் 20ஆம் நூற்றாண்டிலும் புழங்கியது. அங்கே ஒரு ரூபாய்க்கு 448 காசு.

'கேஷியர்' இன்னொரு சிக்கல். வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் பெட்டி வழி வந்தவர். நாம் அவரைக் 'காசாளர்' ஆக்கி, உறவே இல்லாத இரண்டு குடும்பங்களுக்குச் சம்பந்தம் பேசி முடித்துவிட்டோம். ஆனால் ராணுவ அதிகாரி ஒருவர் 'கேஷியர்' செய்யப்பட்டார் என்றால், அவமானப்படுத்திப் பதவியைப் பறித்தார்கள் என்று பொருள். அது 'செல்லாததாக்கு' என்னும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு, டச்சு வழியாக வந்தது. தீர்ப்புகளை ரத்துசெய்யும் பிரான்ஸின் உச்ச நீதிமன்றமான 'கூர் த கசாசியோன்' பெயரிலும் அதே வேர்தான். ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ'வில் இந்த வினைக்கு ஆளாகிறவன் பெயர் கேசியோ. ஒலி விளையாட்டு தற்செயலாக இருக்காது. பிரிட்டிஷ் தரைப்படையில் 1871 வரை அதிகாரிப் பதவிகள் விலைக்குக் கிடைத்தன. ஒழுங்காக விலகியவர் பதவியை விற்றுப் பணம் பார்க்கலாம். 'கேஷியர்' செய்யப்பட்டவருக்குப் போட்ட பணமும் போயிற்று.